தலையங்கமா, பெயர் போட்ட கட்டுரையா?

2005 மே கடைசியில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த பாஜகவின் அத்வானி பாகிஸ்தான் போனார். ஜூனில் கராச்சியில், பாகிஸ்தானை நிறுவிய ஜின்னாவின் நினைவிடத்துப் பார்வையாளர் ஏட்டில் ஜின்னாவைப் புகழ்ந்து எழுதினார். சொந்தக் கட்சியே கொதித்தது. இப்படியொரு பயணத்தைப் புரிந்துகொள்ள எதைப் படிப்பது?

நேரம்: தலையங்கம் ஐந்து நிமிடம். கட்டுரைக்குப் பொறுமை வேண்டும்.

பொறுப்பு: தலையங்கம் பத்திரிகையின் குரல். கட்டுரை ஒருவரின் பார்வை. அவர் சாய்வு தெரிந்தால் எடைபோடலாம்.

ஆழம்: இங்கேதான் கட்டுரை ஜெயிக்கிறது. அத்வானி பிறந்த ஊரே கராச்சி. அந்த ஏட்டில் அவர் சுட்டியது, எந்த மதத்தினரும் சம குடிமக்களே என்று ஜின்னா பேசிய 1947 ஆகஸ்ட் 11 உரையை. இதையெல்லாம் விட்டுவிட்டு 'சரி, தப்பு' என்று தீர்ப்பு எழுதினால் பாதி விஷயம் போச்சு.

பத்திரிகை எந்தப் பக்கம் நின்றது என்று அறியத் தலையங்கம். அத்வானி ஏன் அப்படி எழுதினார் என்று அறியக் கட்டுரை. ஒன்றுதான் என்றால் நான் கட்டுரையைத்தான் எடுப்பேன்.