‘பிக் அப்’ பொருள் தேட ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் தளம் எப்படி?

‘பிக்’ (எடு) தெரியும், ‘அப்’ (மேலே) தெரியும். இரண்டும் ஒட்டிக்கொண்டால் குழப்பம். தமிழருக்கு இது புதிதல்ல. ‘கதை எடுத்துவிடுறான்’ என்றால் அவன் எதையும் எடுப்பதில்லை.

‘ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரீஸ்’ ஆங்கிலம் கற்பவர்களுக்கான இலவச அகராதித் தளம். இடையிடையே விளம்பரம் வரும். அதன் பலம், பொருள்களை அடுக்கியிருக்கும் முறை. ‘பிக் அப்’ என்று இடைவெளி விட்டுத் தேடினால் பல பொருள்கள் வரும். எல்லாவற்றையும் படிக்காதீர்கள். உங்கள் வாக்கியத்தில் அந்த வினை யாரை, எதைச் சுட்டுகிறது என்று முதலில் பாருங்கள். தளமும் அப்படித்தான் பிரிக்கிறது. யாரையும் எதையும் சுட்டாவிட்டால், வியாபாரம் சூடுபிடிப்பது அல்லது காற்று வலுப்பது. ஆளைச் சுட்டினால், ஸ்டேஷனுக்குப் போய் அழைத்து வருவது, வழியில் வண்டியில் ஏற்றிக்கொள்வது, போலீஸ் பிடித்துப்போவது. முன்பின் தெரியாதவரிடம் சரசமாகப் பேச்சுக் கொடுப்பதும் இங்கேதான் இருக்கிறது, ஆகவே இடமறிந்து பேசவும். பொருளைச் சுட்டினால் பட்டியல் இன்னும் நீளும்: பார்சலை வாங்கி வருவது, மலிவாகக் கிடைத்ததை வாங்குவது, சளி தொற்றுவது, ரேடியோ சிக்னலைப் பிடிப்பது, பாடம் படிக்காமல் கேட்டுக் கேட்டே ஒரு மொழி வந்துவிடுவது. ஒற்றை வரியில் பதில் சொல்லும் மொழிபெயர்ப்புச் செயலிகள் சறுக்குவது இங்கேதான். சளிக்கும் பார்சலுக்கும் ஒரே ‘எடு’ பொருந்தாதே!

பொருள்களுக்கு மேலே உள்ள தலைப்பில் இருபக்க அம்புக்குறி (↔) இருந்தால், செயப்படுபொருளை ‘பிக்’குக்கும் ‘அப்’புக்கும் நடுவிலும் வைக்கலாம், கடைசியிலும் வைக்கலாம். ‘லுக் ஆஃப்டர்’ தலைப்பில் அம்பு இல்லை. அங்கே கடைசியில் மட்டுமே. அம்பு மட்டும் பார்த்தால் ஒன்று தவறிப்போகும்: ‘இட்’, ‘ஹிம்’ போன்ற பிரதிப்பெயர் நடுவில்தான் வர வேண்டும். ‘பிக் இட் அப்’ சரி, ‘பிக் அப் இட்’ தவறு. நம் மாணவர்கள் மதிப்பெண் இழக்கக்கூடிய இடம் இது. அம்புக்குப் பக்கத்திலேயே இதைச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

‘வண்டிக்கு பிக்கப் இல்லை’ என்று நாம் சொல்லும் பிக்கப் பெயர்ச்சொல்; வினைப் பக்கத்தில் அதைத் தேடாமல், சேர்த்து எழுதித் தேடுங்கள். ‘ஆன்’ ஒட்டி ‘பிக் அப் ஆன்’ ஆனால் பொருளே வேறு: ஒன்றைக் கவனித்துவிடுவது.

விளக்கங்கள் எளிய ஆங்கிலம்தான், ஆனால் தமிழ் கிடையாது. பத்தாம் வகுப்புக்கு மேல் தாராளமாகப் பயன்படும். ஆங்கிலம் இப்போதுதான் தொடங்குபவர்கள் விளக்கத்தை விட்டு எடுத்துக்காட்டு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் ‘அழைத்து வா’, ‘தொற்று’, ‘சூடுபிடி’ என்று தனித்தனித் தமிழ் வினையாக எழுதிக்கொள்ளட்டும்.