பெட்டியின் முதுகைப் பாருங்கள்: கல்யாண மண்டபத்துக்கு ஏற்ற டிஜே கன்ட்ரோலர் எது?

என் சித்தி மகன் தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் இருக்கிறான். சில வருஷமாக ஒரு பயோனியர் டிடிஜே-400 கன்ட்ரோலர், அதாவது பாட்டுகளைக் கலந்து போடும் பெட்டி, வைத்துக்கொண்டு பிறந்தநாள், வளைகாப்பு என்று சின்ன விசேஷங்களுக்குப் பாட்டுப் போடுகிறான். இப்போது டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதி மண்டபங்களிலிருந்து கல்யாண வேலையும் வரத் தொடங்கிவிட்டது. "அண்ணா, பழசைத் தள்ளிட்டுப் புதுசு ஒண்ணு வாங்கணும், எதை வாங்கட்டும்?" என்று கேட்டான். கையில் நான்கு பெயர்கள் வைத்திருந்தான்: பயோனியர் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4, நியூமார்க் மிக்ஸ்ட்ராக் பிளாட்டினம் எஃப்எக்ஸ், நியூமார்க் மிக்ஸ்ட்ரீம் ப்ரோ, டெனான் பிரைம் கோ. முதல் இரண்டுக்கும் லேப்டாப் வேண்டும். பின்னிரண்டும் லேப்டாப் இல்லாமல் தாமே ஓடும்.

கடைக்காரர் பெட்டியின் முகத்தைத்தான் காட்டுவார். கல்யாண வேலைக்கு நான் முதலில் பார்ப்பது அதன் முதுகை, ஒயர் செருகும் துளைகள் இருக்கும் பக்கத்தை.

எஃப்எல்எக்ஸ்4, 400-க்குப் பதிலாக 2022 கடைசியில் வந்தது. யூஎஸ்பி-சி இணைப்பு உண்டு, ரெக்கார்ட்பாக்ஸ், செராட்டோ என்ற இரண்டு டிஜே மென்பொருளோடும் பேசும். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பெட்டி இந்த விலையில் கிடையாது. ஆனால் 400 வைத்திருப்பவனுக்கு இது மேல்படி இல்லை, அதே படிதான். திருப்பிப் பார்த்தால் பழையதில் இருந்த அதே இரண்டு ஆர்சிஏ துளைகள்தான் இதிலும் இருக்கின்றன.

ஆர்சிஏ என்பது வீட்டு ஸ்டீரியோவில் வரும் சிவப்பு-வெள்ளை ஒயர். அதனால் என்ன கெட்டுவிடும்? மண்டபத்தில் ஆம்ப் மேடையோரம் இருக்கும், நம் மேசை வாசல் பக்கம் இருக்கும். நடுவே பதினைந்து மீட்டர் ஒயர். ஆர்சிஏ ஒயர் அந்தத் தூரத்தில் இரைச்சலைக் கூடவே இழுத்து வரும். லேப்டாப் சார்ஜர் ஒரு பிளக்கிலும் ஆம்ப் வேறு பிளக்கிலும் இருந்தால் எர்த் வழியாக 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரமும் சேரும். ஐயர் மந்திரம் சொல்லும்போது அந்த ரீங்காரம் சபை முழுக்கக் கேட்கும். மேடை மைக்குகளில் வரும் மூன்று முனை எக்ஸ்எல்ஆர் ஒயரில் ஒரே ஒலி நேராகவும் தலைகீழாகவும் இரண்டு கம்பிகளில் போவதால், வழியில் ஏறும் இரைச்சல் மறுமுனையில் கழிந்துவிடும். இதற்காக மட்டும் புதுப் பெட்டி வாங்க வேண்டாம். ஆர்சிஏவை எக்ஸ்எல்ஆராக மாற்றித் தரும், டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஸ்டீரியோ டிஐ பாக்ஸ் என்ற சின்னப் பெட்டி ஒன்றை நடுவில் போட்டால் அந்த ரீங்காரம் அடங்கும், நீள ஒயரும் போடலாம். தம்பிக்கு நான் சொன்ன முதல் செலவு அதுதான்.

மிக்ஸ்ட்ராக் பிளாட்டினத்தின் முதுகிலும் ஆர்சிஏதான். கூட வரும் செராட்டோ லைட்டில் ஒரு பாட்டுக்கு நான்கு க்யூ (பாட்டில் நேராகத் தாவ வைக்கும் குறி) மட்டுமே, பதிவு செய்யவும் முடியாது. புரோ வேண்டுமானால் தனியாகக் காசு. இருந்தும் எஃப்எல்எக்ஸ்4-ஐவிட இதை நான் ஒரு படி மேலே வைப்பேன். காரணம், ஓடும் பாட்டை விரலால் முன்பின் தள்ளும் அதன் ஆறு அங்குலச் சக்கரம்.

நம் பாட்டுக்கு அந்தச் சக்கரம் ஏன் முக்கியம் என்று கொஞ்சம் விளக்க வேண்டும். எழுபது, எண்பதுகளின் சினிமாப் பாட்டுகள் பெரும்பாலும் முழு இசைக்குழுவும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்துப் பதிவானவை. பல்லவியில் ஒரு வேகம், சரணத்தில் அதைவிடச் சற்றுத் துரிதம், இடையிசைக்குப் பின் இன்னும் கொஞ்சம். மென்பொருள் தாளத்தைக் குறிக்கப் பாட்டு முழுவதற்கும் ஒரே அளவில் கட்டம் போட்டால், ஒன்றரை நிமிஷத்தில் கட்டம் ஓரிடத்திலும் தவில் ஓரிடத்திலும் நிற்கும். ரெக்கார்ட்பாக்ஸில் 'டைனமிக்' முறையில் அலசச் சொன்னால் மாறும் வேகத்தை ஓரளவு பின்தொடரும். இது பயோனியர் பக்கம் உள்ள உண்மையான பலம்.

திஸ்ர நடைதான் பெரிய சிக்கல். மென்பொருள் எதையும் நான்கு நான்காகவே எண்ணும். மூன்று மூன்றாக நடக்கும் குத்துப்பாட்டு நிமிஷத்துக்கு 90 தட்டு வேகத்தில் இருந்தால் அதைப் பல சமயம் 135 என்று காட்டும். இங்கே சாப்பாடு முடிந்ததும் மாமாக்கள் டப்பாங்குத்து கேட்பார்கள், அடுத்த நிமிஷமே இளசுகள் அமாபியானோ என்ற தென்னாப்பிரிக்க நடன இசை கேட்பார்கள். அது ஏறக்குறைய 112. வேகத்தைத் தானே பொருத்தும் ஸிங்க் பொத்தானை நம்பி இவை இரண்டையும் சேர்த்தால் ஆடுகிறவர்களின் கால் தடுமாறும். அந்த நேரத்தில் காதும் விரலும்தான் துணை. விரலுக்குப் பெரிய சக்கரம் வேண்டும்.

இனி லேப்டாப் இல்லாத இரண்டு. மிக்ஸ்ட்ரீம் ப்ரோவில் ஏழு அங்குலத் தொடுதிரை, ஆறு அங்குலச் சக்கரம், உள்ளேயே சின்ன ஸ்பீக்கர், முதுகில் எக்ஸ்எல்ஆர். பிரைம் கோ பெட்டியிலும் அதே அளவுத் திரையும் எக்ஸ்எல்ஆரும் உண்டு. அதோடு தனித்தனிக் கட்டுப்பாட்டுடன் இரண்டு மைக், சுமார் 4 மணி நேரம் தாங்கும் பேட்டரி. சக்கரம் மட்டும் சிறியது. விலையும் அதிகம்.

பேட்டரி எதற்கு, ஸ்பீக்கருக்குக் கரண்ட் இல்லாவிட்டால் பெட்டி ஓடி என்ன பயன் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. 2023-இல், லோட்ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) கடுமையாக இருந்த நாட்களில், ஒரு வரவேற்பில் பாடம் படித்தேன். பேட்டரி இல்லாத ஒரு பெட்டியை இரவல் வாங்கிப் போயிருந்தேன். பொண்ணும் மாப்பிள்ளையும் பாதி மண்டபம் நடந்து வந்துவிட்டார்கள், கரண்ட் போனது. பத்தே விநாடியில் ஜெனரேட்டர் எடுத்துக்கொண்டது, விளக்கும் ஸ்பீக்கரும் வந்துவிட்டன. என் பெட்டியோ முதலிலிருந்து எழுந்து, பென்டிரைவைப் படித்து, பாட்டைத் தேடி முடிப்பதற்குள் அவர்கள் மேடை ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அந்தப் பொண்ணின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. லேப்டாப்பும் எஃப்எல்எக்ஸ்4-ம் கொண்டுபோயிருந்தால் லேப்டாப் பேட்டரியிலேயே பாட்டு உள்ளே ஓடிக்கொண்டிருந்திருக்கும், ஸ்பீக்கர் திரும்பிய கணத்தில் சபைக்கும் கேட்டிருக்கும்.

அதனால் பின்னிரண்டில் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் மிக்ஸ்ட்ரீம் ப்ரோவும் ஒரு சின்ன யூபிஎஸ்ஸும் என்பேன். பெரிய சக்கரமும் கிடைக்கும், கரண்ட் பயமும் இல்லை. கோவில் வெளியிலோ கடற்கரையிலோ மைக்கும் கையுமாக அலைகிறவருக்குப் பிரைம் கோ. இந்த இரண்டில் எது வாங்கினாலும், அவன் ரெக்கார்ட்பாக்ஸில் சேர்த்த பாட்டு நூலகத்தை இவற்றுக்கான எஞ்சின் டிஜே மென்பொருள் இழுத்துக்கொள்ளும், க்யூக்கள் போகாது. பழைய பாட்டுகளின் கட்டத்தை மட்டும் ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

பயோனியரின் பெரிய பெட்டியான எஃப்எல்எக்ஸ்10 பற்றியும் கேட்டான். நான்கு சேனல், குரலையும் தாளத்தையும் பிரித்தெடுக்கும் வசதி, மேடை விளக்குகளை இயக்க டிஎம்எக்ஸ் இணைப்பு எல்லாம் உண்டு. 6.7 கிலோவைத் தூக்கிக்கொண்டு, அதற்கு ஈடுகொடுக்கும் லேப்டாப்பும் வாங்க வேண்டும். இப்போதைக்கு அவனுக்கு வேண்டாம்.

இந்த வருஷம் 400-ஐயே வைத்துக்கொள், டிஐ பாக்ஸ் வாங்கு, லேப்டாப் பேட்டரியை மாற்று என்று சொல்லியிருக்கிறேன். கல்யாணச் சம்பளம் சேர்ந்ததும் ஒருவர் பயன்படுத்திய பழைய மிக்ஸ்ட்ரீம் ப்ரோவைத் தேடலாம். டர்பனில் பழசு வாங்கினால் கடல்காற்றை மறக்கக் கூடாது. ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஒவ்வொரு ஃபேடரையும் மெதுவாக மேலும் கீழும் இழுத்து ஹெட்போனில் கரகரப்பு வருகிறதா என்று கேட்க வேண்டும். யூஎஸ்பி துளையில் ஒயரை லேசாக ஆட்டிப் பார்க்க வேண்டும். விற்கிறவர் அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடலாம்.