சாக்கைக் கவிழ்த்துப் பார்க்காமல் கிராஃபிஷ் வாங்காதீர்கள்

ஹூஸ்டன் பக்கம் இருக்கும் நம்மவர்கள் யாராவது வீட்டில் கிராஃபிஷ் பாயில், அதாவது அண்டாவில் காரமாக வேகவைத்துப் போடும் விருந்து, வைக்கத் திட்டமிட்டிருந்தால், யாருக்கும் முன்பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். போன சீசனில், புனித வெள்ளிக்கு மறுநாள், நாங்கள் 460 டாலர் கொடுத்து ஏமாந்தோம். பணம் போனதுகூட ஒரு பக்கம். வீட்டுக்கு வந்த பதினாறு பேருக்கும் செத்து அழுகியதை வேகவைத்துப் போட்டிருப்போமே என்ற நினைப்புதான் இன்னும் மனதை உறுத்துகிறது.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கிராஃபிஷ் என்பது உள்ளங்கை நீளத்துக்குள் அடங்கும் குட்டிச் சிங்கி இறால் மாதிரி இருக்கும். நன்னீரில் வாழ்வது. பக்கத்து மாநிலமான லூசியானாவில் பல விவசாயிகள் நெல் அறுத்த வயலிலேயே தண்ணீர் கட்டி இதை வளர்க்கிறார்கள். மார்ச்சிலிருந்து மே வரை வரத்து உச்சத்தில் இருக்கும். ஆனால் தவக்காலத்தில் இறைச்சியைத் தவிர்க்கும் கத்தோலிக்கர்கள் அங்கே ஏராளம் என்பதால், புனித வெள்ளியை ஒட்டி எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள். விலை ஏறும், உயிரோடு சாக்கில் கட்டி விற்கும் சரக்கு கடைகளில் தீர்ந்துவிடும். முன்பின் தெரியாத வியாபாரிகள் தலைகாட்டுவதும் அப்போதுதான்.

எங்களுக்கு இதைப் பழக்கிவிட்டவர் லூசியானாவின் லஃபாயெட்டிலிருந்து வந்த பக்கத்து வீட்டுப் பெரியவர். எப்போதும் அவருக்குத் தெரிந்த கடையில்தான் வாங்குவோம். அந்த வாரம் அவர் ஊரில் இல்லை, கடையிலும் சரக்கு இல்லை. ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார், நண்பர்களையும் கூப்பிட்டாகிவிட்டது. குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு எண்ணைப் பகிர்ந்தார்கள்: லூசியானாவிலிருந்து நேரடியாக வருகிறதாம், பெரிய அளவு மட்டும் பொறுக்கிய 'செலக்ட்' ரகமாம், குடல் சுத்தமாக்கிய 'பர்ஜ்டு' சரக்காம். இரண்டு சாக்கு கேட்டோம்; சாக்குக்கு 35 பவுண்ட், பவுண்ட் 5 டாலர். கூடவே மெக்சிகோ வளைகுடாவில் பிடித்த இறால் 10 பவுண்ட் 110 டாலர். அந்த வியாபாரி மொத்தத் தொகையையும் முதல் நாளே செல்பேசியில் அனுப்பச் சொன்னார். அனுப்பினோம்.

மறுநாள் ஒரு காலி வாகன நிறுத்தத்தில் பிக்கப் வண்டி நின்றது. அவர் சாக்கின் வாயை ஒரு சாண் அகலத்துக்கு விலக்கிக் காட்டினார். மேலே இருந்தவை கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நன்றாகவே துள்ளின. எங்களுக்குப் பின்னால் இன்னும் நாலு வண்டி காத்திருந்தது. தராசு எதுவும் கண்ணில் படவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கிளம்பும்போது, கழிவை வெளியேற்ற இதைத் தண்ணீரில் கலந்து ஊறவையுங்கள் என்று ஒரு பை உப்பை வேறு இலவசமாகக் கொடுத்தார். பர்ஜ் செய்த சரக்குக்கு எதற்கு இந்த உப்பு என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்ததைப் பார்த்து என் கணவருக்குச் சந்தேகம் வந்தது. ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்ப்போமே, அந்தக் கொக்கித் தராசில் மாட்டித் தூக்கினார். ஒன்று இருபத்தெட்டரை, இன்னொன்று 27. எழுபது பவுண்டுக்குப் பணம் கொடுத்துவிட்டு ஐம்பத்தைந்தரைதான் கைக்கு வந்திருக்கிறது.

அதோடு முடியவில்லை. பெரிய டப்பில் கொட்டினால் மேல் பாதி நகர்ந்தது, கீழ்ப் பாதி அப்படியே கிடந்தது. வால் தொங்கி, கொடுக்கு தளர்ந்து, தொட்டால் அசைவே இல்லை. அடியில் இருந்தவற்றிலிருந்து சாக்கடையும் அம்மோனியாவும் கலந்த மாதிரி ஒரு வாடை. அம்மா தூத்துக்குடிக்காரர், ஆயுசு முழுக்கக் கரையில் மீன் வாங்கியவர். ஒன்றை எடுத்து முகர்ந்துவிட்டுக் கீழே போட்டார். "ஏ பிள்ள, மேல கிடக்கத மட்டும் பாத்தா வாங்கிட்டு வந்த? கூடையக் கவுத்திப் பாக்கணும்லா?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினோம். செத்தது மட்டும் 19 பவுண்ட். சாக்கின் அடியில் நசுங்கிச் சில சாவது சகஜம், அதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் மூன்றில் ஒரு பங்கு செத்துக் கிடந்தால் அது நேற்றோ அதற்கு முன்போ தொடங்கிய சாவு. செத்த கிராஃபிஷ் மிக வேகமாகக் கெடும், அதைச் சட்டியில் போடவே கூடாது. உயிரோடு இருந்தவற்றிலும் பெரிதும் சிறிதும் கலந்து கிடந்தன. பிடித்தபடி பொறுக்காமல் விற்பதை இங்கே 'ஃபீல்ட் ரன்' என்பார்கள், அதற்கு விலை குறைவு. வெந்த பிறகு ஒன்றின் வாலை உரித்துப் பார்த்தால் கறுப்பு நூல் மாதிரி குடல் முழுக்க அழுக்கு. உண்மையில் பர்ஜ் செய்வதென்றால் ஒன்றிரண்டு நாள் தீனி போடாமல் சுத்தமான தண்ணீரில் வைத்திருக்க வேண்டும், அப்போதுதான் குடல் காலியாகும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் கழிவு போகாது என்று லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேளாண் மையமே சொல்கிறது. நன்றாக அலசினால் போதும். உப்பில் அதிக நேரம் போட்டால் உயிரோடு இருப்பதும் துவண்டுவிடும்.

அப்புறம் இறால். பவுண்டுக்கு 21 முதல் 25 வரை நிற்கும் அளவு என்று சொல்லி வாங்கியது. எண்ணிப் பார்த்தால் 38 நின்றது, அவ்வளவு சின்ன இறால். ஐஸ் பெட்டியின் அடியில் அட்டைப்பெட்டியின் கிழிந்த துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. அதில் வளர்ப்பு இறால், இந்தியாவில் உற்பத்தியானது என்று அச்சிட்டிருந்தது. அமெரிக்காவுக்கு அதிக இறால் அனுப்பும் நாடே இந்தியாதான், நம் ஆட்கள் வளர்த்த இறாலை நான் ஒருநாளும் தாழ்த்திச் சொல்ல மாட்டேன். அதே இறால் பெரிய மளிகைக் கடைகளில் எந்த நாடு, வளர்த்ததா பிடித்ததா என்று எழுதி வைத்துப் பாதி விலைக்குக் கிடைக்கிறது, வாங்கியும் இருக்கிறேன். அதையே வளைகுடா இறால் என்று சொல்லி இரட்டை விலைக்கு விற்பது திருட்டுதான். வளைகுடாவில் படகில் போய்ப் பிடிப்பவர்களின் பிழைப்பிலும் அது மண்ணைப் போடுகிறது. லூசியானாவில் இறக்குமதி இறாலோ கிராஃபிஷோ பரிமாறும் உணவகங்கள் அதை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2019-லேயே சட்டம் போட்டதற்குக் காரணம் இந்த ஏமாற்றுதான்.

மிஞ்சியதை வைத்துச் சமைத்தோம். 80 குவார்ட் அண்டா, வெளியில் ப்ராபேன் அடுப்பு. கடுகு, மல்லி விதை, பிரிஞ்சி இலை, மிளகாய் சேர்ந்த மசாலா தண்ணீரில் இறங்கியதும் அம்மாவுக்கே முகம் கொஞ்சம் தெளிந்தது. எலுமிச்சை, வெங்காயம், முழுப் பூண்டு, உருளைக்கிழங்கு முதலில். கிழங்கு பாதி வெந்ததும் சாசேஜ், கடைசியில் கிராஃபிஷ். மறுபடி கொதி வந்து மூன்று நிமிடத்தில் அடுப்பை அணைத்து, உறைந்த சோளத்தைப் போட்டு, இருபது நிமிடம் அப்படியே ஊறவிட வேண்டும். காரம் உள்ளே இறங்குவது அந்த ஊறலில்தான், கொதியில் இல்லை. வெந்த பின் வால் சுருளாமல் நேராக இருந்தால் முன்பே செத்தது என்று பலர் சொல்வார்கள். அதை நம்பி உட்காராதீர்கள், நல்லதும் சில நேரம் நேராக நிற்கும். உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது அண்டாவில் போடுவதற்கு முன்புதான். ஆளுக்கு மூன்று பவுண்டாவது வேண்டிய விருந்தில் இரண்டே கால்கூடத் தேறவில்லை. அந்த இறாலும் ரப்பர் மாதிரி வழுக்கிக்கொண்டு, பல்லில் நறுக்கென்று உடைந்தது. தண்ணீரைப் பிடித்து வைப்பதற்காகப் பாஸ்பேட்டில் ஊறவைத்த இறால் அப்படித்தான் இருக்கும். பிள்ளைகள் ஒன்றைக் கடித்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டார்கள்.

அன்று இரவே தராசின் படம், டப்பின் படம் எல்லாம் அந்த ஆளுக்கு அனுப்பினேன். ஐஸ் உருகினால் எடை குறையத்தான் செய்யும் என்று ஒரு பதில். ஐஸுக்கா நான் பவுண்ட் 5 டாலர் கொடுத்தேன் என்று கேட்டதும் என் எண்ணைத் தடுத்துவிட்டார். நீங்களே அனுமதித்து அனுப்பிய பணம், திரும்ப எடுக்க வழியில்லை என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். எடை விஷயத்தை டெக்சாஸ் வேளாண் துறைக்கும், மீதியை மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவுக்கும் எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.

அதனால் தயவுசெய்து சாக்கை உங்கள் கண்முன் நிறுக்கச் சொல்லுங்கள், அதுவும் தண்ணீர் வடிந்த பிறகு. அடியில் கை வைத்துப் புரட்டிப் பாருங்கள், மூக்கை நம்புங்கள். கொட்டிக் காட்ட மாட்டேன் என்கிறவரிடம் வாங்கவே வேண்டாம். வாங்கியதை ஈரச் சாக்கு போர்த்திக் குளிர்ச்சியாகவும் காற்றோட்டமாகவும் வையுங்கள். தேங்கிய தண்ணீரில் மூழ்கடித்தால் மூச்சுத் திணறிச் செத்துவிடும். கார்டில் கட்ட முடிந்தால் கார்டிலேயே கட்டுங்கள், பிறகு வங்கியில் முறையிடவாவது ஒரு பிடி இருக்கும்.

இதே மாதிரி வாகன நிறுத்தத்தில் வாங்கி ஏமாந்தவர்கள் வேறு யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். படமும் பணம் அனுப்பிய ரசீதும் எடுத்து வையுங்கள். என் புகாரோடு உங்களுடையதும் சேர்ந்தால் அடுத்த தவக்காலத்துக்கு முன் யாராவது போய் விசாரிப்பார்கள்.