ஈஸ்ட் ரொட்டியா, சவர்டோவா? சிங்கப்பூர் வெக்கையில் ஓர் அலசல்

வெளிநாட்டுச் செய்முறைகளில் "அறை வெப்பத்தில் 18 மணி நேரம்" என்று ஒரு வரி தவறாமல் வரும். அந்த அறை சிங்கப்பூரில் கிடையாது. நியூயார்க்கின் ஜிம் லேஹி 2006இல் பிரபலப்படுத்திய பிசையாத ஈஸ்ட் ரொட்டிக்கு ஏறக்குறைய 21 டிகிரி போதும். நம் வீவக அடுக்குமாடி வீட்டு அடுக்களையில் இரவிலும் 28, 29 டிகிரி இருக்கும். வீட்டு ரொட்டிக்குக் கடை ஈஸ்டா, மாவைத் தானே புளிக்கவிடும் சவர்டோவா என்ற வழக்கை இங்கே தீர்த்து வைப்பது இந்த வெக்கைதான்.

பிசையாத முறையின் அளவு எளிது: மாவு 500 கிராம், தண்ணீர் 350, உப்பு 10, உடனடி ஈஸ்ட் 1 கிராம். தண்ணீரும் நேரமும் சேர்ந்து மாவின் புரதத்தைத் தாமாகவே இழையாக்கிவிடும், கைக்கு வேலையில்லை. ஆனால் இங்கே 18 மணி நேரம் வெளியே விட்டால் மாவு பொங்கி அமுங்கி, சாராய வாடை அடித்து, பசைபோல் விரலில் ஒட்டும். இரண்டு மணி நேரம் வெளியே வைத்துவிட்டு, ஃபிரிட்ஜில் ஓர் இரவு விடுவதே சரி. வேலை நெருக்கினால் இன்னொரு நாளும் அங்கேயே கிடக்கட்டும். சுவை கூடத்தான் செய்யும்.

சவர்டோ இவ்வளவு பொறுமைசாலி அல்ல. அதன் ஸ்டார்ட்டரில், அதாவது ஊட்டி வளர்க்கும் புளித்த மாவில், காட்டு ஈஸ்டும் லாக்டிக் பாக்டீரியாவும் கூட்டுக் குடித்தனம். ஈஸ்டுக்கு 27 டிகிரியை ஒட்டிய வெப்பம் உகந்தது, பாக்டீரியாவுக்கு 32ஐ ஒட்டியது. ஆகவே நம் ஊரில் புளிப்பு முந்திக்கொள்கிறது. அமிலம் மிஞ்சினால் மாவின் இழை தளர்ந்து ரொட்டி தட்டையாகிவிடும். இட்லி மாவு பொங்குவதற்குள் ஃபிரிட்ஜுக்கு ஓடிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. பழைய ஸ்டார்ட்டர், மாவு, தண்ணீர் என்று சம அளவில் ஊட்டினால் சில மணி நேரத்திலேயே அது பசித்துவிடும். ஒரு பங்கு ஸ்டார்ட்டருக்கு ஐந்து பங்கு மாவு, ஐந்து பங்கு தண்ணீர் என்று கொடுத்தால் வேகம் அடங்கும். மிஞ்சும் ஸ்டார்ட்டரைக் கொட்டாதீர்கள், கோதுமைத் தோசைக்கு ஆகும்.

அப்படியானால் சவர்டோவுக்கு ஏன் மெனக்கெட வேண்டும்? அதன் அமிலம் பூஞ்சையைத் தள்ளிப்போடும். ஈரக்காற்று ஊரில் அது பெரிய வரவு. காயா என்ற தேங்காய்ப்பால் ஜாமின் இனிப்புக்கு அந்தப் புளிப்பு நல்ல இணை. மீன் தலைக் கறிக்கு மட்டும் வேண்டாம், புளிக்கு மேல் புளி. தொட்டுக்கொள்ள ஈஸ்ட் ரொட்டியே மேல். வாரந்தவறாமல் சுடுகிறவர் சவர்டோ வளர்க்கலாம். மாதத்துக்கு ஒருமுறை நினைத்துக்கொள்கிறவருக்கு ஈஸ்டைத்தான் சொல்வேன்.

மாவில் அதிக யோசனை தேவையில்லை. பேரங்காடியில் கிடைக்கும் பிரிமா ரொட்டி மாவு இரண்டுக்கும் போதும். தேக்கா சந்தையில் வாங்கும் ஆட்டா மாவை மட்டும் நம்பினால் ரொட்டி கனத்துவிடும், அதன் தவிடு இழையை அறுக்கும். கால் பங்குவரை கலக்கலாம், தண்ணீரைச் சற்றுக் கூட்டிக்கொண்டு.

சுடுவதில்தான் அடுத்த போட்டி. வார்ப்பிரும்புப் பாத்திரத்தை ஓவனிலேயே சூடேற்றி, மாவை இட்டு மூடினால், மாவின் ஈரமே ஆவியாகி மேல்தோலை இளக்கி வைக்கும். ரொட்டி தடையின்றி எழும்பும். 230 டிகிரியில் 30 நிமிடம் மூடி, பிறகு 15 முதல் 20 நிமிடம் திறந்து சுட வேண்டும். தட்டில் வெந்நீர் ஊற்றி ஆவி எழுப்பும் முறை மேசைமேல் வைக்கும் சிறு ஓவனில் எடுபடாது. ஆவி வெளியேறிவிடும், சூடான கண்ணாடிக் கதவில் தண்ணீர் பட்டால் விரிசலும் விடலாம். பாத்திரம் அந்த ஓவனுக்குள் நுழையாவிட்டால், பிளாஸ்டிக் பிடி இல்லாத எவர்சில்வர் குண்டானை மாவின்மேல் கவிழ்த்துவிடுங்கள். விலை மிகக் குறைவு, வேலை ஏறக்குறைய அதேதான்.

மொறுமொறுப்பு எந்த ரொட்டியிலும் மாலைவரை தாங்காது. 200 டிகிரியில் ஐந்து நிமிடம் காட்டினால் திரும்ப வந்துவிடும்.