மொட்டைக் குச்சியை நம்பி வாங்கி ஏமாந்தேன்: லாஸ் வேகஸ்காரர்கள் கவனத்துக்கு

வீட்டு முன்னால் வைக்க சிங்கிள் லீஃப் ஆஷ் மரம் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நர்சரிக்குப் போங்கள்.

ஸயான் தேசியப் பூங்காவில் செம்பாறை இடுக்கில் இந்த மரத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு அதன்மேல் ஒரு கண். மற்ற ஆஷ் மரங்கள் வேப்பிலை மாதிரி ஒரே காம்பில் பல சிற்றிலைகள் விடும். இது மட்டும் பெரும்பாலும் ஒற்றை இலைதான், இலந்தை இலை போல வட்டமாக. அதனால்தான் தாவரவியலில் அனோமலா, அதாவது வழக்கத்துக்கு மாறானது, என்று பெயர். நெவாடா, யூட்டா, அரிசோனா பாலைநிலங்களில் தானாக வளர்வது. 15, 20 அடியோடு நின்றுவிடும். என் வீட்டுச் சுவருக்கும் நடைபாதைக்கும் நடுவில் இருப்பதே எட்டடி. இதைவிடப் பொருத்தமாக என்ன கிடைக்கும்?

பிப்ரவரியில் போனேன். அதுதான் முதல் தப்பு. தொட்டியில் இலையே இல்லாத மொட்டைக் குச்சி. கடைக்காரர் "அதேதான், என் வீட்டிலும் இதைத்தான் வைத்திருக்கிறேன்" என்றார். 15 கேலன் தொட்டி, குழி தோண்டி நட்டுத் தர கூலி, எல்லாம் சேர்த்து 310 டாலர். ரசீதில் 'ஆஷ்' என்று மட்டும் போட்டிருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

மார்ச் கடைசியில் துளிர்த்தது. ஒரு காம்புக்கு ஐந்து இலை. இளசில் அப்படித்தான் வரும் என்று மனைவியிடம் சமாளித்தேன். மே வந்தும் ஐந்துதான். விசாரித்தால் அது வெலூட்டினா என்ற வேறு வகை ஆஷ், இங்கே அரிசோனா ஆஷ் என்பார்கள். குறை சொல்ல முடியாத மரம்தான். ஆனால் காட்டில் ஓடைக்கரையில் நிற்பது, தண்ணீர் நிறையக் கேட்கும், 40 அடியைத் தொடும்.

போட்டோவோடு போய் நின்றேன். "ரசீதில் ஆஷ், கொடுத்ததும் ஆஷ்" என்றார். வாரண்டி? ஒரு வருடத்துக்குள் பட்டுப்போனால்தானாம். என் மரம் ஜோராக வளர்கிறது, அதனால் பைசா கிடையாது!

இலை இல்லாமலே கண்டுபிடிக்கலாம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அனோமலாவின் இளங்குச்சி பிரண்டை மாதிரி நாலு பட்டையாக இருக்கும். இரு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினால் விளிம்பு தட்டும். என்னுடையது தடங்கலே இல்லாமல் உருள்கிறது. முடிந்தால் இலை விட்ட பிறகு, மே மாதம் பார்த்து வாங்குங்கள். ரசீதில் 'ஃப்ராக்ஸினஸ் அனோமலா' என்று முழுப் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். இழுத்தால் அடுத்த கடை.

பிடுங்கிப் போட மனசு வரவில்லை. இது இரண்டாவது கோடை, மாடி ஜன்னலை எட்டப் பார்க்கிறது. கீழே சாக்கடைக் குழாய் வேறு போகிறது.