நிக்கான் டி750: மண்டபங்களில் ஓடிய வருடங்களும் கழுத்தறுத்த கார்டுகளும்

இது புதுக் கேமராவைப் பற்றிய விமர்சனம் இல்லை. நிக்கான் டி750 அறிமுகமானது 2014 செப்டம்பரில். அன்றைக்கு அதைப் பெட்டி பிரித்துப் பாராட்டியவர்கள் அதற்கப்புறம் எத்தனையோ கேமரா மாற்றிவிட்டார்கள். தென் மாவட்டங்களில் கல்யாணம், காதுகுத்து, சடங்கு, பால்காய்ச்சு என்று அலைகிற எனக்கு இன்றும் முதல் பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா) அதுதான். பல வருடம் அடித்து வேலை வாங்கியவன் என்ற முறையில், படத்தின் தரத்தை விட்டுவிட்டு, நம்பிக்கை என்ற ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தரத்தைப் பற்றித்தான் எல்லோரும் எழுதிவிட்டார்களே.

பாடியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பேட்டரி, கார்டு சேர்க்காமல் 750 கிராம். 24 மெகாபிக்சல். மண்டபத்து மங்கல் வெளிச்சத்திலும் ஃபோகஸ் பிடிக்கும். சாயும் திரை இருப்பதால், மணவறையைச் சுற்றி உறவினர்கள் கோட்டை கட்டி நின்றாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து எடுத்துவிடலாம். ஷட்டர் 1,50,000 கிளிக் வரை சோதிக்கப்பட்டது என்பது நிறுவனத்தின் கணக்கு. என்னுடையது அந்தக் கணக்கைத் தாண்டி வெகுதூரம் ஓடிய பிறகுதான் ஷட்டர் மாற்றினேன். ஹோமப் புகை, அட்சதை, பன்னீர், தூத்துக்குடி உப்புக்காற்று எல்லாம் பார்த்த உடம்பு அது. வேலை நடுவே பாடி என்னைக் கைவிட்டதாக நினைவில் ஒன்றுகூட இல்லை. 2015-ல் இந்த மாடலில் ஒரு பகுதிக் கேமராக்களுக்கு ஷட்டர் கோளாறு இருக்கலாம் என்று நிக்கானே அறிவித்து இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது. சீரியல் எண்ணைப் போட்டுப் பார்த்தேன், என்னுடையது அந்தப் பட்டியலில் இல்லை.

இத்தனை வருடத்தில் எனக்கு வயிற்றைக் கலக்கியதெல்லாம் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதான, படங்கள் பதிகிற அந்த எஸ்டி கார்டுதான்.

ஒரு முகூர்த்தம். தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காகக் கூட்டத்துக்குள் சுற்றி வந்துகொண்டிருந்தது. பெரியவர் ஒருவர் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிற இடத்தில் கிளிக் நின்றுவிட்டது. மேலே உள்ள சின்னத் திரையில் சிஎச்ஏ என்ற மூன்று எழுத்து மின்னுகிறது. கார்டை அணுக முடியவில்லை என்பதற்கு நிக்கான் காட்டும் சைகை அது. "என்ன தம்பி, நிறுத்திட்டீங்க?" என்று பெண்ணின் மாமா கேட்கிறார். கேமராவை அணைத்து, பக்கவாட்டுக் கதவைத் திறந்து, கார்டு செருகும் இரண்டு ஸ்லாட்டில் முதலாவதில் இருந்த கார்டை உருவிச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு மறுபடி உயிர் கொடுத்தேன். இரண்டாவது ஸ்லாட்டில் இருந்த கார்டில் வேலை தொடர்ந்தது. கெட்டிமேளம் கொட்டும்போது கேமரா கண்ணில் இருந்தது. தாலி கட்டுகிற படத்தில் எந்தக் குறையும் இல்லை.

மண்டபத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் அதே கேமராவில் ஒரே ஒரு ஸ்லாட் இருந்திருந்தால் காலையிலிருந்து எடுத்தது அத்தனையும் அந்தச் சட்டைப் பைக்குள் மாட்டிக்கொண்டிருக்கும். மாப்பிள்ளை அழைப்பு, ஊஞ்சல், கன்னிகாதானம் எல்லாம். 'இன்னொரு தடவை தாரை வார்த்துக் கொடுங்கள் சார்' என்று யாரிடம் போய்க் கேட்பது?

டி750-ல் இரண்டாவது ஸ்லாட்டை மூன்று விதமாகப் பயன்படுத்தலாம். முதல் கார்டு நிறைந்ததும் அடுத்ததற்குத் தாவுவது ஒன்று. இரண்டிலும் ஒரே படத்தை எழுதும் பேக்கப் முறை இன்னொன்று. முதல் கார்டில் ரா (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு), இரண்டாவதில் ஜேபெக் (சுருக்கிய சாதாரணப் படக் கோப்பு) என்பது மூன்றாவது. அன்றைக்கு மூன்றாவது முறையில் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் கையில் மிஞ்சியது ஜேபெக். ஆல்பத்துக்கு அதுவே போதும் என்பார்கள். பெரும்பாலும் போதும்தான். மணப்பெண்ணின் பட்டுக் கரை, பூ, நகை எல்லாம் நன்றாகவே வந்திருந்தது. வீடியோக்காரர் விளக்குக்கு நேர் எதிரே நின்ற மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டிதான் சிக்கல். மடிப்பே தெரியாமல் வெளுத்துப்போயிருந்தது. ரா இருந்தால் அந்த மடிப்பை இழுத்துக் கொண்டுவந்திருக்கலாம், ஜேபெக்கில் இழுக்க ஒன்றுமில்லை. அதற்கப்புறம் முகூர்த்தம் என்றால் இரண்டிலும் ரா. இரண்டு கார்டும் ஒரே அளவு, ஒரே வேகம். இந்த முறையில் எந்த ஒரு கார்டு நிறைந்தாலும் கேமரா கிளிக் ஆகாது என்பதால் அளவு ஒத்துப்போவது முக்கியம். செலவு இரட்டிப்புதான். ஆல்பம் போடுகிற பணத்தோடு வைத்துப் பார்த்தால் அது காசே இல்லை.

வேகத்தில் இன்னொன்று. இரண்டு கார்டிலும் எழுதும்போது வேகம் குறைந்த கார்டின் நடைக்குத்தான் கேமரா நடக்கும். கேனான் 5டி மார்க் 3 வைத்திருக்கும் நண்பர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதில் ஒரு ஸ்லாட் சிஎஃப் என்ற வேறு வகைக் கார்டுக்கு, இன்னொன்று எஸ்டிக்கு. அந்த எஸ்டி ஸ்லாட்டுக்கு யுஎச்எஸ் என்ற அதிவேகத் தடம் கிடையாது. எவ்வளவு விலையுயர்ந்த எஸ்டி கார்டைச் செருகினாலும் பேக்கப் முறையில் தொடர்ந்து அடித்தால் திணறும். டி750-ல் இரண்டும் ஒரே ரகம் என்பதால் அந்தத் தலைவலி இல்லை.

சரி, உருவிய கார்டு என்ன ஆனது? சாயந்திரம் லேப்டாப்பில் செருகியதும் விண்டோஸ் கேட்ட முதல் கேள்வியே 'ஃபார்மட் செய்யவா' என்பதுதான். எல்லோருக்கும் சொல்கிறேன், அந்தப் பெட்டியில் எப்போதும் 'வேண்டாம்'. பிழையைச் சரிசெய்கிறேன் என்று அது வந்தாலும் வேண்டாம். சரிசெய்கிறேன் பேர்வழி என்று படக் கோப்புகளை அடையாளம் தெரியாத துண்டுகளாக்கி வேறு ஒரு ஃபோல்டரில் கொட்டிவிட்டுப் போன சம்பவங்கள் உண்டு. முதலில் வேறு ரீடரில் போட்டுப் பாருங்கள். பல நேரம் கோளாறு கார்டில் இருக்காது, மலிவான ரீடரில் இருக்கும். அப்படியும் படிக்காவிட்டால் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பார்க்க அழகாக இருக்காது, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. கார்டின் கோப்புப் பட்டியல் சிதைந்திருந்தாலும், ஒரு படக் கோப்பு எப்படித் தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்துக் கார்டு முழுவதையும் துழாவி எடுத்துக் கொடுக்கும். பெயர்கள் போய்விடும், படங்கள் வரும். மீட்கிற படங்களை அதே கார்டில் சேமிக்கக் கூடாது என்பது மட்டும் விதி. எனக்கு ரா கோப்புகளில் பெரும்பகுதி வந்தது. சில படங்கள் மேல்பாதி கல்யாணம், கீழ்ப்பாதி சாம்பல் நிறப் பட்டை.

கார்டு நிறுவனம் வாரண்டியில் புதுக் கார்டு கொடுத்தது. பெயர் வேண்டாம், எல்லா நிறுவனத்துக்கும் இதே கதைதான். வாரண்டி என்பது பிளாஸ்டிக்குக்கு மட்டும், உள்ளே இருந்த கல்யாணத்துக்கு இல்லை. 'லைஃப்டைம்' என்று அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்து யாரும் தெம்பாக இருக்க வேண்டாம்.

அட்டையில் போட்டிருக்கும் மற்றதையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். பெரிய எழுத்தில் இருக்கும் 150, 170 எல்லாம் பெரும்பாலும் படிக்கும் வேகம், கம்ப்யூட்டருக்கு நகலெடுக்கும்போது உதவுவது. நமக்கு வேண்டியது எழுதும் வேகம். அது சின்ன எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. வி30 என்றிருந்தால் நொடிக்கு 30 எம்பிக்குக் குறையாமல் எழுதும் என்று பொருள், வி60 என்றால் 60. டி750-ன் ஸ்லாட் யுஎச்எஸ்-1 வகை. அந்தத் தடத்தின் உச்சமே நொடிக்கு 104 எம்பிதான். அதனால் அதைவிட வேகமான யுஎச்எஸ்-2 கார்டுக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் இந்தக் கேமராவுக்கு எந்த லாபமும் இல்லை.

அளவு 64 ஜிபி எனக்குத் தோது. ஒரு ரா படம் 30 எம்பி என்று தாராளமாக வைத்தாலும் 2,000 படம் பிடிக்கும். ஒரே பெரிய கார்டு வேண்டாம், சின்னச் சின்னதாகப் பிரித்துக்கொள் என்று சீனியர்கள் சொல்வார்கள். ஒற்றை ஸ்லாட் காலத்து அறிவுரை அது, அப்போது சரி. இப்போது இரண்டு கார்டில் ஒரே படம் பதிகிறது. கூட்டத்துக்கு நடுவே கார்டை மாற்றுவதில்தான் எனக்குப் பயம் அதிகம். கீழே விழும், எடுத்த கார்டும் எடுக்காத கார்டும் கலந்துபோகும்.

போலிக் கார்டு தனி நரகம். உதவியாளர் தம்பி ஒருமுறை பாதி விலையில் 128 ஜிபி கார்டு வாங்கி வந்தான். "பில்லு இருக்குண்ணே" என்றான். பில் இருந்தது, கார்டுக்குள் 128 ஜிபி இல்லை. சின்னக் கொள்ளளவுச் சிப்பை வைத்து, நான் பெரிய கார்டு என்று பொய் சொல்லும்படி அதன் கன்ட்ரோலரை மாற்றி எழுதியிருப்பார்கள். கேமராவும் நம்பும், கம்ப்யூட்டரும் நம்பும். உண்மையான கொள்ளளவு தாண்டிய பிறகு எழுதுவதெல்லாம் காற்றில் போகும், அல்லது பழைய படத்தின் மேலேயே ஏறி உட்காரும். எண்ணிக்கை மட்டும் கேமராவில் ஒழுங்காக ஏறிக்கொண்டே போகும், அதுதான் கொடுமை. எந்தக் கடையில் வாங்கினாலும் கார்டைத் தொழிலுக்கு எடுத்துப்போகும் முன் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன மென்பொருளில் போட்டுவிடுகிறேன். கார்டை விளிம்பு வரை நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிட்டுச் சொல்லும். மேக், லினக்ஸ்காரர்களுக்கு எஃப்3 இருக்கிறது. பெரிய கார்டு என்றால் ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும். இரவு போட்டுவிட்டுத் தூங்கலாம்.

எஸ்டி கார்டின் ஓரத்தில் இருக்கும் பூட்டுக் கட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தக் கட்டைக்கும் உள்ளே இருக்கும் சிப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கட்டை எந்த இடத்தில் இருக்கிறது என்று ஸ்லாட்டில் உள்ள ஒரு சின்ன ஸ்விட்ச் தொட்டுப் பார்க்கிறது, அவ்வளவுதான். வருடக் கணக்கில் செருகி எடுத்தால் கட்டை தளர்ந்து, உள்ளே போகும்போதே தானாக இறங்கிவிடும். கார்டு பூட்டியிருக்கிறது என்று கேமரா அடம்பிடிக்கும். கட்டை இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய செல்லோடேப் ஒட்டினால் அப்போதைக்கு ஓடும். அந்த விசேஷம் முடிந்ததும் கார்டுக்கு ஓய்வு கொடுத்துவிடுவது நல்லது. டேப் உள்ளே உரிந்து ஒட்டிக்கொண்டால் ஸ்லாட்டுக்கே கேடு.

எங்கள் வேலை முறை இப்போது இப்படி. படம் எடுத்த கார்டு, கார்டு வைக்கும் பர்ஸில் பின்பக்கம் தெரியும்படி போகும், காலிக் கார்டு முன்பக்கம் தெரியும்படி இருக்கும். பந்தி நடக்கும் நேரத்தில் மணமகன் அறை ஓரத்தில் லேப்டாப்பை விரித்து இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் நகல். ஒன்று என்னோடு, இன்னொன்று தம்பியோடு வேறு வண்டியில். இரண்டிலும் படங்களைத் திறந்து பார்த்த பிறகே ஃபார்மட், அதுவும் எந்தக் கேமராவில் ஓடப்போகிறதோ அதில்தான். பின்பக்கப் பச்சை விளக்கு எரியும்போது கதவைத் திறப்பதில்லை. பேட்டரி ஒரிஜினல் மட்டும். மலிவு பேட்டரிகள் பாதிச் சார்ஜ் காட்டிக்கொண்டே பட்டென்று சாகும், அந்த நொடியில் எழுதிக்கொண்டிருந்த படமும் கூடவே போகும். கார்டு இல்லாமலும் கிளிக் ஆக விடும் ஓர் அமைப்பு டி750 மெனுவில் இருக்கிறது. கடைக்காரர் டெமோ காட்டுவதற்கானது, தொழில் செய்பவர் அதைப் பூட்டிவைத்துவிட வேண்டும்.

2018-ல் நிக்கான் இசட்6, இசட்7, கேனான் ஈஓஎஸ் ஆர் எல்லாம் ஒற்றை ஸ்லாட்டோடு வந்தபோது கல்யாணப் போட்டோகிராபர்கள் கத்தியதை நினைத்தால் இப்போதும் நியாயமாகவே படுகிறது. இசட்6-ன் எக்ஸ்க்யூடி கார்டு எஸ்டியைவிட உறுதியானது, அது கெடாது என்றார்கள். உறுதியானதுதான், ஆனால் ஒன்றுதானே இருக்கிறது? 2020-ல் வந்த இசட்6 இரண்டாம் பதிப்பிலும் கேனான் ஆர்6-லும் இரண்டு ஸ்லாட் வைத்தார்கள். அதே 2018-ல் சோனி ஏ7 மூன்றாம் பதிப்பு இரண்டு ஸ்லாட்டோடு வந்து கல்யாண வட்டாரத்தில் நிறையப் பேரை இழுத்துக்கொண்டது என்பது என் கணிப்பு.

டி750-ஐ இன்றைக்கு செகண்ட்ஹேண்டில் வாங்கலாமா என்று கேட்டால், ஸ்டில் மட்டும் எடுப்பவர் தாராளமாக வாங்கலாம். வீடியோ முக்கியம் என்றால் வேண்டாம், 4கே கிடையாது. வாங்கப் போகும்போது ஷட்டர் எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். சொந்தமாக நல்ல கார்டு இரண்டு எடுத்துப்போய், இரண்டு ஸ்லாட்டிலும் செருகி, பேக்கப் முறையில் ரா வைத்து, கேமரா மூச்சு வாங்கும் வரை தொடர்ந்து அடியுங்கள். கதவைத் திறந்து மூடி, கார்டுகளை இடம் மாற்றி இன்னொரு தடவை. கார்டு அழுத்தினால் கிளிக்கென்று உட்கார்ந்து, மறுபடி அழுத்தினால் வெளியே வர வேண்டும். விற்பவர் 'இரண்டாவது ஸ்லாட் எதுக்கு சார், யாரும் யூஸ் பண்றதில்லை' என்று சொன்னால் பேரம் பேசாமல் அடுத்த கேமராவைப் பார்க்கலாம்.