பாட்டுக்கு ஆடும் ஹாலோவீன் விளக்குகள்: ரிலேயா, மைக்கா, எக்ஸ்லைட்ஸா?

அமெரிக்க வீடுகளில் அக்டோபர் 31 இரவு முற்றத்து விளக்குகளைப் பாட்டோடு ஆடவைக்க வீட்டிலேயே செய்யக்கூடிய வழிகள் மூன்று. விளக்குக்குப் பாட்டு முன்கூட்டியே தெரியுமா, இல்லை கேட்டுக் கேட்டு ஆடுகிறதா? இதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் போதும்.

ரிலே போர்டு

ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியில் லைட்ஷோபை மென்பொருள், 8 சேனல் சாலிட் ஸ்டேட் ரிலே (எட்டு செட்டுகளைத் தனித்தனியே இயக்கும், அசையும் பாகமில்லாத மின் சுவிட்ச்), பரணில் கிடக்கும் 120 வோல்ட் சீரியல் செட்டுகள். மென்பொருள் பாட்டை அலைவரிசைவாரியாகப் பிரித்து, பேஸ் ஒரு செட்டுக்கு, டிரெபிள் இன்னொன்றுக்கு என்று அனுப்பும். சாதாரண ரிலே வாங்கினால் பாட்டை மீறி 'டக் டக்' சத்தம் கேட்கும், சீக்கிரம் தேய்ந்தும் போகும். சாலிட் ஸ்டேட் ரிலேயிலோ அணைத்த பிறகும் மின்சாரம் லேசாகக் கசிவதால் எல்இடி மங்கலாக எரிந்துகொண்டே இருக்கும். அதே சேனலில் ஒரு குண்டு பல்பை இணையாகப் போட்டால் சரியாகிவிடும். ஈரப் புல்வெளியில் 120 வோல்ட் என்பதால் மூடிய பெட்டியும், மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ பிளக்கும் கட்டாயம். பழைய செட்டுகள் கையில் இல்லாதவர் இந்த வழிக்குப் போகவே வேண்டாம்.

மைக் வைத்த டபிள்யூஎல்இடி

டபிள்யூஎல்இடி என்பது விளக்குகளை இயக்கும் மென்பொருள். தேவையானவை: அது ஓடும் இஎஸ்பி32 (வைஃபை உள்ள சிறு போர்டு) ஒன்று, ஐஎன்எம்பி441 மைக், ஒவ்வொரு பல்பும் தனியாக நிறம் மாறும் 50 பல்பு கொண்ட 12 வோல்ட் டபிள்யூஎஸ்2811 சரம், 12 வோல்ட் 5 ஆம்பியர் பவர் சப்ளை, அந்த 12 வோல்ட்டைக் குறைத்து இஎஸ்பி32-க்கு 5 வோல்ட் தரும் பக் கன்வர்ட்டர். டேட்டா வயரில் சிக்னலை 5 வோல்ட்டுக்கு உயர்த்தும் 74எச்சிடி125 சிப் வையுங்கள், இஎஸ்பி32-இன் 3.3 வோல்ட் சிக்னலை நம்பினால் சரம் கண்டபடி மினுக்கும். எல்லாவற்றின் கிரவுண்டும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும்.

இரண்டு இடங்களில் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். மென்பொருளின் மின்னோட்ட வரம்பு ஆரம்பத்தில் 850 மில்லிஆம்பியர். அதை உயர்த்தாவிட்டால் சரம் மங்கும். மென்பொருளில் நிற வரிசை ஜிஆர்பி (பச்சை, சிவப்பு, நீலம்) என்று இருக்கும். இந்தச் சரங்கள் பெரும்பாலும் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்). மாற்ற மறந்தால் பூசணி ஆரஞ்சு பச்சையாகிவிடும்!

ஒரே மாலையில் முடிகிற வேலை. ஆனால் குழந்தைகள் கத்தினாலும் காற்று அடித்தாலும் விளக்கு ஆடும். பூசணி முகம் வரிக்கு வரி வாயசைத்துப் பாடுவது இதில் நடக்காது.

எக்ஸ்லைட்ஸும் ஃபால்கன் பிளேயரும்

பாடும் பூசணி வேண்டுமென்றால் இதுதான். எக்ஸ்லைட்ஸ் ஒளி நிகழ்ச்சியைக் கணினியில் வடிவமைக்கும் மென்பொருள், ஃபால்கன் பிளேயர் அதை ஓட்டும் மென்பொருள். இரண்டுமே இலவசம். எக்ஸ்லைட்ஸில் வீட்டின் படத்தின்மேல் சரங்களை வரைந்து, எம்பி3-ஐ ஏற்றி, தாளத்துக்கு டைமிங் டிராக் (எந்த நொடியில் எது என்று குறிக்கும் வரிசை) போட வேண்டும். பாடல் வரிகளைக் கொடுத்தால் மென்பொருள் அவற்றை உச்சரிப்புகளாகப் பிரித்து அதற்கேற்ற வாய் வடிவங்களைப் பொருத்தும். நேரத்தை மட்டும் கையால் இழுத்துச் சரிசெய்ய வேண்டும். மூன்று நிமிடப் பாட்டுக்குச் சில மாலைகள் போய்விடும். முடிந்த கோப்பை ராஸ்பெர்ரி பையில் ஓடும் ஃபால்கன் பிளேயரில் போட்டால், ஒலியையும் ஒளியையும் அது சேர்த்தே ஓட்டும்.

ஒரு பல்புக்கு டேட்டா போய்ச்சேர 30 மைக்ரோசெகண்ட். ஆக, 25 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ஒளிக்காட்சி (ஃபிரேம்) மாறினால், விளக்கு போர்டின் ஒரு டேட்டா வாய்க்கு (போர்ட்) சுமார் 800 பல்புதான் உச்சம். 12 வோல்ட்டில் இரண்டு சரத்துக்கு ஒருமுறை மின்சாரத்தைத் திரும்ப ஊட்டுங்கள். இல்லாவிட்டால் வெள்ளை நிறம் கடைசியில் சிவந்து போகும். பிரகாசம் 30 சதவீதமே இருட்டில் தாராளம். ஆரஞ்சுக்கு 255, 165, 0 என்ற கணினி எண் மஞ்சளாகத் தெரியும். 255, 80, 0 பக்கம் போங்கள்.

ஒலியை ப்ளூடூத் ஸ்பீக்கரில் விடாதீர்கள், வாய் அசைந்த பிறகே சத்தம் வரும். வயர் போட்ட ஸ்பீக்கர் நல்லது. காருக்குள் கேட்க எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வைப்பதென்றால், உரிமம் இல்லாமல் 3 மீட்டரில் 250 மைக்ரோவோல்ட்/மீட்டர் வரைதான் சட்டம் விடும். வாசல் தெருவுக்கு அது போதும்.

முதல் ஆண்டு மைக்கோடு தொடங்குகிறவருக்குக் காசு வீணில்லை. டபிள்யூஎல்இடி ஓடும் அதே இஎஸ்பி32, அடுத்த ஆண்டு ஃபால்கன் பிளேயர் நெட்வொர்க் வழியே அனுப்பும் விளக்கு டேட்டாவை (டிடிபி அல்லது இ1.31 என்ற வடிவில்) வாங்கிக்கொள்ளும். வைஃபையில் ஃபிரேம் விட்டுப்போய்த் தடுமாறினால் ஈதர்நெட் உள்ள போர்டுக்கு மாறலாம். சரமும் பவர் சப்ளையும் அப்படியே இருக்க, மைக்கை மட்டும் கழற்றினால் போதும்.